மூன்றரைக்கு இறங்க வேண்டிய விமானம்

மும்பையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பயண நேரம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான்கு வருஷமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது போனில் போட்டுப் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டது. எந்த விமானம் எப்போது கிளம்பும், எப்போது இறங்கும், எந்தக் கிழமை எது கிடையாது என்பதெல்லாம் தெரியும். டிக்கெட் வாங்கும் இடம் வரைக்கும் போவேன். பேர் கேட்கும், வயசு கேட்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குக்கர் வைக்கப் போய்விடுவேன். கோயம்புத்தூரில் என் தங்கை இருக்கிறாள். அவளோடு நான் பேசாமல் இருந்த நான்கு வருஷம் அது.

சண்டைக்குக் காரணமும் இந்த இரண்டு மணி நேரம்தான். அவள் பெண்ணின் கல்யாணத்துக்கு முகூர்த்தத்தன்று காலை விமானத்தில் போய் இறங்கினேன். சாப்பிட்டுவிட்டு அன்று சாயங்கால விமானத்திலேயே திரும்பக் கிளம்பினேன். ஆபீஸில் இன்ஸ்பெக்ஷன், அது உண்மைதான். மண்டப வாசலில், சம்பந்தி வீட்டார் நாலு பேர் எதிரில், தங்கை கேட்டாள்: "ரயில்ல ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்தப்போ பத்து நாள் இருந்தே. இப்போ ரெண்டு மணி நேரத்துல வரே, ரெண்டு வேளை இருக்க முடியலை. நீ எனக்கு அக்காவா, விருந்தாளியா?" நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. "வந்ததே பெரிசு" என்று சொல்லிவிட்டு டாக்சியில் ஏறிவிட்டேன். அவள் கேட்டது தப்பாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். சரியாகக் கேட்டுவிட்டாள். அதனால்தான் அத்தனை கோபம்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை அவளே போன் செய்தாள். நலமா கிலமா ஒன்றும் இல்லை. இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபரேஷன், நாலரைக்கு உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மளமளவென்று சொன்னாள். பிறகு குரலை இறக்கி, "உள்ள போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன். வருவியா?" என்றாள்.

சின்ன வயசில் நாங்கள் மும்பை மாட்டுங்காவில் இருந்தோம். கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு டாக்டர். ஊசி என்றால் இவளை நான்தான் அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஊசியைப் பார்க்க மாட்டாள், டாக்டரையும் பார்க்க மாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் முகத்தைச் சுளிக்காமல் நின்றால் அவளும் அழாமல் இருப்பாள். ஐம்பத்து நாலு வயசில், பேரன் எடுத்த பிறகு, அதையேதான் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வருகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை எதிலும் இடமில்லை. வெள்ளிக்கிழமை காலை விமானமும் நிறைந்திருந்தது. மத்தியானம் ஒன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பி மூன்றரைக்கு இறங்கும் விமானத்தில் கிடைத்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன். "மூணரைக்கு இறங்கிடுவேன். வெளியில வரப் பத்து நிமிஷம், ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். நாலு மணிக்கு உன் பக்கத்துல இருப்பேன்" என்றேன். ரயில்வே டைம்டேபிள் எழுதினவள் மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். "மூணரை" என்று அவளும் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

இப்போது என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் ரிடையர் ஆன பிறகு பஞ்சாங்கத்தில் உத்தியோகம் பார்க்கிறவர். நாங்கள் இருக்கும் செம்பூரிலிருந்து விமானநிலையத்துக்குப் போக நான் பதினோரு மணிக்காவது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். "ஹார்ட் ஆபரேஷனாக்கும். ராகு காலத்துல படி இறங்கிப் போய் அங்க நிப்பியா?" என்று வியாழக்கிழமை முழுக்க என்னைத் துளைத்தெடுத்தார். அப்படியானால் பத்து மணிக்கே கிளம்பிவிடுகிறேன் என்றேன். காலையில் கேஸ் ஆள் வருவான், வேலைக்காரி வருவாள், அதெல்லாம் ஆகாது என்று அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம்.

எங்கள் பாலக்காட்டுக் குடும்பங்களில் இது உண்டு. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், கூட எடுத்துப் போகும் சாமான் ஒன்றை நல்ல நேரத்திலேயே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. சாமான் புறப்பட்டுவிட்டதால் ஆளும் புறப்பட்ட மாதிரி. அப்புறம் எந்த நேரத்தில் படி இறங்கினாலும், போகிற வழியில் அந்தச் சாமானை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். தெய்வத்தைக் கூட இப்படி ஏமாற்றலாமா என்று நான் கேட்டதற்கு அவர் பஞ்சாங்கத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

முன்பெல்லாம் எங்கள் கட்டடத்தில் இதை வைப்பதற்கு நாலு வீடுகள் இருந்தன. ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது எதிர் வீடு. அவர்கள் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் பிறந்து வளர்ந்து, ஆறு வருஷத்துக்கு முன் செம்பூருக்கு வந்தவர்கள். அந்த வீட்டுப் பெண் தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறை நடத்துகிறாள். அவள் புருஷனுக்கு அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன். பரஸ்தானத்துக்கென்று ஒரு புடவையைக் கவரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தேன். என் கணவருக்கு அது போதவில்லை. நிஜமாகத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பையாக இருந்தால்தான் பலன் என்று, ஜிப் சிக்கிக்கொள்ளும் என் பழுப்புத் தோல்பையை எடுத்துக்கொண்டுபோய் எதிர் வீட்டில் கொடுத்துவிட்டார். அதற்குள்தான் என் பர்ஸ். பர்ஸுக்குள்தான் ஆதார், பான் என்று என்னை நான்தான் என்று காட்டும் அத்தனை அட்டைகளும். சார்ஜில் கிடந்ததால் போன் மட்டும் தப்பித்தது.

பத்து ஐம்பதுக்குப் பெட்டியோடு எதிர் வீட்டு மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தேன், தட்டினேன். நைட் ஷிஃப்ட்டிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த மனுஷன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"பையா? அவ கொண்டுட்டுப் போயிட்டால்லா மாமி. ஜிப்பு மாத்தத்தான குடுத்திய?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கட்டடத்தில் யார் வீட்டில் பை கிழிந்தாலும், ஜிப் போனாலும், அந்த வீட்டு வாசல் அலமாரியில் வைத்துவிட்டு வருவார்கள். அவள் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தருவாள். என் கணவர் "இது இங்க இருக்கட்டும், அப்பறமா வந்து வாங்கிக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அரைத் தூக்கத்தில் இருந்தவன் அதை மற்றப் பைகளோடு வைத்திருக்கிறான். அவள் வழக்கம்போல எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். பரஸ்தானம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

என் கணவர் வாசலில் நின்று விழித்தார். "ஏன்னா, ரொம்ப நன்னா இருக்கு! நல்ல நேரத்துல என் பை மட்டும் தாராவிக்குக் கெளம்பிப் போயிடுத்து!" என்று நான் கத்தியதில் மேல் மாடியில் ஜன்னல் திறந்தது. எதிர் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்றான் அவள் புருஷன். போனிலேயே ஆதாரைக் காட்டலாமே என்று என் கணவர் யோசனை சொன்னார். அதில் பதிந்திருப்பது எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர், ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். அதை மாற்றச் சொல்லி மூன்று வருஷமாக எல்லோரும் சொன்னார்கள், நான்தான் செய்யவில்லை. அவரைத் திட்டுவதில் பாதிக்கு என்னையே திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கூட வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். "வேண்டாம், வழியில நீங்க இன்னொரு நல்ல நேரம் பாப்பேள்" என்று இறங்கிவிட்டேன்.

டாக்சியில் ஏறும்போது மணி பதினொன்று ஐந்து. லிங்க் ரோடு வழியாக நேரே போக வேண்டிய வண்டி, சயான் பக்கம் திரும்பியது. செம்பூரிலிருந்து தாராவிக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். போனில் இருபத்திரண்டு நிமிஷம் என்று காட்டியது. ஐந்து நிமிஷம் போன பிறகு பார்த்தால் இருபத்தாறு என்றது. போகப் போகக் குறைய வேண்டிய நேரம் எப்படி ஏறுகிறது? சயான் பாலத்துக்கு முன்னால் வண்டி அப்படியே நின்றது. முன்னால் ஒரு டேங்கர், பக்கத்தில் ஒரு பஸ். நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தேன், வண்டியே என் காலால்தான் ஓடுகிற மாதிரி. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "டென்ஷன் மத் லோ மேடம்" என்று ஆறுதல் சொன்னான். எனக்கு அவன்மேல் கூடக் கோபம் வந்தது.

தங்கைக்குப் போன் செய்து, கொஞ்சம் தாமதமாகலாம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வது? நான் வரும் விமானத்துக்கு அடையாள அட்டை இல்லை என்றா? ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டேன். அன்று செய்த தப்புகளில் பெரிய தப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

தாராவிச் சந்துக்குள் வண்டி போகாது. பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று டிரைவரிடம் சொல்லி, பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு நடந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம். பசை வாசனையும் தோல் வாசனையும் கலந்து மூக்கை அடைத்தது. நாலு பேரிடம் வழி கேட்டேன். நாலு பேரும் தமிழில் நாலு வழி சொன்னார்கள். கடைசியில் ஓர் இரும்பு ஏணிப்படிக்கு மேலே அவள் பட்டறை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். என் பை அவள் மடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஜிப்பைப் பிரித்து எடுத்தாகிவிட்டது. உள்ளே இருந்தவற்றையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பர்ஸை மேலே வைத்துப் பத்திரமாகக் கட்டியிருந்தாள்.

"மாமி! நீங்க எதுக்கு இங்க வந்திய? ஞாயித்துக்கெழம நானே கொண்டாந்து தருவம்லா."

"இன்னிக்கு ஊருக்குப் போறேம்மா. பிளேனுக்கு நேரமாச்சு."

"பெறவு எதுக்கு ஜிப்பு போடக் குடுத்திய?"

மூச்சு வாங்க, ராகு காலம், பரஸ்தானம், என் கணவர் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அவள் ஊசியைக் கையில் வைத்தபடி கேட்டாள். "நாங்களும் நேரம் பாப்போம் மாமி. ஆனா பையத் தனியா அனுப்ப மாட்டோம்" என்றாள். கிண்டலா இல்லையா என்று தெரியவில்லை. யாருக்கு என்ன என்று கேட்டாள். என் தங்கை, இருதய ஆபரேஷன், நாலரைக்குள் நான் போய் நிற்க வேண்டும் என்றேன். அவள் உடனே எழுந்தாள். ஜிப் இல்லாத பைக்குள் கவரைத் திணித்து, ஒரு தோல் வாரால் குறுக்காக இரண்டு கட்டுக் கட்டி, என் தோளில் மாட்டிவிட்டு முன்னால் இறங்கினாள். நான் வந்த வழியில் போகவில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவில் புகுந்து, மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களை "ஹடோ, ஹடோ" என்று விரட்டிக்கொண்டு, இரண்டே நிமிஷத்தில் என்னை டாக்சி முன் கொண்டுவந்து நிறுத்தினாள். "நல்லாயிருவாவ மாமி. போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாள். அவளுக்கு நன்றி சொன்னேனா என்று இன்றுவரை நினைவில்லை.

பன்னிரண்டு பத்து. கலாநகர், ஹைவே, சிக்னல், சிக்னல். விமானநிலையத்தில் இறங்கியபோது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. சோதனைத் தட்டில் பையை வைத்ததும் அது கவிழ்ந்து சீப்பும் மாத்திரையும் உருண்டன. பொறுக்கிக்கொண்டு ஓடினேன். கால் முட்டி எனக்கு இரண்டு வருஷமாக வலி, அன்று வலித்ததா என்றே தெரியாது. கேட்டை மூடுவதற்கு முன் கடைசியாக உள்ளே போனவர்களில் நானும் ஒருத்தி. சீட்டில் விழுந்ததும் தங்கைக்கு "ஏறிட்டேன்" என்று அனுப்பினேன். "சரி அக்கா. மூணரை" என்று பதில் வந்தது. போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன்.

நேரத்துக்கு விமானம் நகர்ந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் நின்றுகொண்டிருந்தது. முன்னால் நிறைய விமானங்கள் வரிசையில் இருப்பதாகவும் நம்முடையது ஒன்பதாவது என்றும் பைலட் பேச்சுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். வெளியே பார்த்தேன். வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்று போகும், நாம் கொஞ்சம் நகர்வோம், நிற்போம். பக்கத்து சீட்டுப் பெண் கால்மேல் கால் போட்டுத் தூங்கிவிட்டாள். போனைப் போட்டு ஒரு வார்த்தை அனுப்பலாமா என்று கையில் எடுத்தேன். பணிப்பெண் வந்து சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பயந்துபோய் உள்ளே வைத்தேன். இந்த வயசில் எதற்கு அந்தப் பயம் என்று தெரியவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்குத்தான் தரையை விட்டது. வீட்டுப் படியிலிருந்து ஓடுபாதையின் முனை வரைக்கும் எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மீதி ஆயிரம் கிலோமீட்டரை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடுவோம் என்றார் பைலட். வழி முழுக்க நான் வாட்சைத்தான் பார்த்தேன். மூன்றரை ஆனபோது விமானம் மேகத்துக்கு மேல் இருந்தது. கீழே எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. அந்த நிமிஷத்தில் அவள் வாசலைப் பார்க்கத் தொடங்கியிருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது.

நாலு பத்துக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. போனைப் போட்டதும் வரிசையாக வந்தன. மூன்று முப்பத்திரண்டுக்கு, "இறங்கியாச்சா?" மூன்று நாற்பத்தைந்துக்கு, "எங்க இருக்கே?" நாலு மணிக்கு, "பக்கத்துல வந்துட்டியா?" நாலு எட்டுக்கு, "சரி." அவ்வளவுதான். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் மேலேயிருந்து பெட்டியை நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது. தள்ளவும் தள்ளினேன். ஒருவர் ஏதோ சொன்னார், காதில் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி மூன்றாவது மாடிக்குப் போனபோது நாலு நாற்பத்தைந்து. தங்கையின் கணவர் அவள் வளையல்களையும் மூக்குத்தியையும் ஒரு காகிதப் பொட்டலத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "கால் மணி முன்னாடிதான் அழைச்சுண்டு போனா அக்கா. ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு நர்ஸ்கிட்ட கேட்டுண்டே இருந்தா. டாக்டர் வந்துட்டார்" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. அந்த நேரத்தில் மும்பைக்கு ஒரு தடவை பறந்துபோய்த் திரும்ப வந்துவிடலாம். எனக்கு வேறு கணக்கே ஓடவில்லை. நான்கு வருஷத்தில் எத்தனை வெள்ளிக்கிழமைகள், எத்தனை மத்தியான விமானங்கள்! எதில் வேண்டுமானாலும் ஏறி வந்திருக்கலாம். எதிலும் வராமல், வாலில் தீப்பிடித்த மாதிரி ஓடி வரவேண்டிய அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு தாராவிச் சந்தில் அலைந்திருக்கிறேன். பையைக் குற்றம் சொல்லலாம், கணவரைக் குற்றம் சொல்லலாம், வரிசையில் நின்ற எட்டு விமானங்களையும் சொல்லலாம். அவள் உள்ளேயே போய்விட்டால் யாரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாய்விட்டே அழுதேன். தங்கையின் கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு நிமிஷம் பார்க்கலாம் என்று என்னை உள்ளே விட்டார்கள். நெஞ்சில் கட்டு, கையில் குழாய், உதடு வறண்டு வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன். அவளே முதலில் பேசினாள். குரல் காற்றாக வந்தது.

"நீ மூணரைன்னு சொன்னியே. மூணரை வரைக்கும் எனக்குப் பயமே வரலை அக்கா."

அவள் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"எப்போ ஃப்ளைட்?" என்றாள்.

திரும்பிப் போவதைக் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐந்தே முக்கால். புதன்கிழமையே போகவும் வரவும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தேன்.

"இன்னும் டிக்கெட் வாங்கலை."

"பொய்" என்றாள்.

"பொய்தான்" என்றேன்.

சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்து வலித்து முகம் சுருங்கியது. போதும் என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தேன். டிக்கெட்டை எந்தத் தேதிக்கு மாற்ற வேண்டும் என்று அது கேட்டது. தேதி எதுவும் போடாமல், ரத்து என்பதை அழுத்தினேன்.